வடசென்னைக் கரையில் நின்று காற்றுத்திரளையும் வளிமுகத்தையும் நீரோட்டத்தையும் அறிவது எப்படி?

பள்ளிப் புவியியல் பாடத்தில் குளிர் வளிமுகத்துக்கு நீல முக்கோணங்களையும் வெப்ப வளிமுகத்துக்குச் சிவப்பு அரைவட்டங்களையும் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவர்களுக்கும், திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ மொட்டை மாடியில் நின்று வானத்தைப் பார்க்கும்போது அந்தப் படம் எந்தப் பக்கமும் பொருந்துவதில்லை. அந்தப் படம் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நார்வேயின் பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னஸும் அவருடைய மகன் யாக்கோபும் அவர்களோடு பணியாற்றியவர்களும் உருவாக்கியது. துருவத்திலிருந்து இறங்கும் குளிர்காற்றும் தெற்கிலிருந்து ஏறும் வெதுவெதுப்பான காற்றும் மோதிக்கொள்ளும் எல்லையில் அவர்கள் வாழ்ந்தார்கள். போர்முனைச் செய்திகளை நாள்தோறும் படித்துப் பழகிய காலம் என்பதால் அந்த எல்லைக்கும் போர்முனை என்ற பொருள் தரும் ‘ஃபிரண்ட்’ (front) என்ற சொல்லையே பெயராக வைத்தார்கள். தமிழில் அதைத்தான் வளிமுகம் என்கிறோம். நாம் இருப்பதோ வட அகலாங்கு 13 பாகையில். அதே இயற்பியல் இங்கும் இயங்குகிறது. ஆனால் அது வேறு அளவில், வேறு நேரத்தில் நடக்கிறது. அதை எங்கே, எந்த மாதத்தில், எதைக் கொண்டு பார்ப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்றுத்திரள்: ஈரத்தைப் பாருங்கள், வெப்பத்தை நம்பாதீர்கள்

ஒரே தன்மையுள்ள பெரும் நிலப்பரப்பின் மீதோ கடற்பரப்பின் மீதோ பல நாட்கள் தங்கி, அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்ட காற்றையே காற்றுத்திரள் என்கிறோம். பிறந்த இடம் நிலமா கடலா என்பது ஒரு கேள்வி. துருவமா வெப்பமண்டலமா என்பது இன்னொரு கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை சொன்னால் காற்றுத்திரளின் பெயர் கிடைத்துவிடும். நம் ஊரில் இரண்டாவது கேள்விக்கு ஏறத்தாழ எப்போதும் ஒரே விடைதான். ஆகவே வடசென்னைக்காரர் தினமும் கேட்க வேண்டியது முதல் கேள்வியை மட்டுமே: இப்போது என் தலைக்கு மேல் இருப்பது நிலத்துக் காற்றா, கடலின் காற்றா?

இதற்கு வெப்பநிலை உதவாது. மே மாதத்தில் 36 பாகை என்பது இரண்டு காற்றிலும் வரும். உதவக்கூடியது பனிப்புள்ளி, அதாவது காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி துளியாகப் படியத் தொடங்குமோ அந்த அளவு. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் பனிப்புள்ளி எளிதில் மாறுவதில்லை. காற்றே மாறினால்தான் அது சட்டென்று மாறும்.

வீட்டிலேயே இதை அளக்கலாம். விலை குறைந்த அறை வெப்பமானி இரண்டை வாங்கி, நிழலில் அருகருகே மாட்டி, ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றித் தண்ணீரில் நனைத்து, ஐந்து நிமிடம் விசிறியால் விசிற வேண்டும். ஈரக்குமிழ் இறங்கி ஒரு நிலையில் நிற்கும். உலர்குமிழ் 35, ஈரக்குமிழ் 28 என்று காட்டினால் பனிப்புள்ளி ஏறத்தாழ 26; அது ஐயமின்றிக் கடலின் காற்று. உலர்குமிழ் 38, ஈரக்குமிழ் 25 என்றால் பனிப்புள்ளி 20-ஐ ஒட்டியிருக்கும். அது மேற்கே தரையின் மீது காய்ந்து வந்த காற்று. இரண்டாவது நாளில் வெப்பமானி அதிகம் காட்டினாலும் உடம்பில் வியர்வை உலர்கிறது. முதல் நாளில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. புழுக்கம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பனிப்புள்ளியைத்தான்.

வெப்பமானி வாங்க மனமில்லாதவர்களுக்கு மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வானிலை அறிக்கை இருக்கிறது. அரைமணிக்கு ஒருமுறை வெளியாகும் அந்த ஒற்றை வரி பார்க்க மந்திரம் போலிருந்தாலும், நமக்கு வேண்டியவை அதில் இரண்டே இடங்கள். ஐந்து இலக்க எண் ஒன்று வரும்: 28008 என்றால் காற்று 280 பாகையிலிருந்து, அதாவது ஏறக்குறைய மேற்கிலிருந்து, 8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்) வேகத்தில் வீசுகிறது என்று பொருள். பிறகு 37/19 என்பதுபோல் சாய்கோட்டுடன் ஓர் இணை வரும். முன்னது வெப்பநிலை, பின்னது பனிப்புள்ளி. கோடையில் ஒரு நாள் காலையில் 28008, 37/19 என்று இருந்தது பிற்பகலில் 11010, 34/25 என்று மாறினால், ஊரின் மேலிருந்த காற்றுத்திரளே மாறிவிட்டது என்று அறிக.

மூக்கும் ஒரு கருவிதான். மணலி நமக்கு மேற்கே இருப்பதால், விடியற்காலையில் நிலக்காற்று வீசும்போது அங்குள்ள புகைக்கூண்டுகளின் வாடை திருவொற்றியூர்ப் பக்கம் வரும். நண்பகலுக்குப் பின் அதே வாடை மாதவரத்துக்காரர்களின் பங்காகிவிடும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் காற்றின் திசையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் வேறு கருவி எங்கள் தெருவில் இல்லை.

காற்றுத்திரள் வரும் வழியில் தன்மை மாறும் என்பதற்கு வடகிழக்குப் பருவமழையைவிடச் சிறந்த பாடம் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வாடை, ஆசியப் பெருநிலத்தில் பிறந்து வறண்டு கிளம்பும் காற்று. அது அப்படியே நேராக நம்மை அடைந்தால் உதடு வெடிக்கும். இடையில் வங்கக் கடல் குறுக்கிடுகிறது. வெதுவெதுப்பான நீரின் மீது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தவழ்ந்து வருவதற்குள் அது நீராவியை நிரப்பிக்கொண்டு கடல் காற்றாகிவிடுகிறது. வானிலைத் துறை பருவமழையின் தொடக்கத்தை அறிவிக்கப் பார்க்கும் அடையாளங்களில், தமிழகக் கரையில் கீழைக்காற்று நிலைபெறுவதும் அந்தக் காற்று தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை தடித்திருப்பதும் அடங்கும். மழை மட்டும் பெய்தால் போதாது, காற்றுத்திரள் மாறியிருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். வழக்கமான தொடக்க நாளாக அக்டோபர் 20 குறிக்கப்படுகிறது.

வளிமுகம்: நார்வேயில் வாரத்தில் ஒன்று, காசிமேட்டில் நாளுக்கு ஒன்று

புத்தகத்து வளிமுகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனமான குளிர்காற்று ஆப்பு போல் நுழைந்து வெப்பக்காற்றை மேலே தூக்கினால் அது குளிர் வளிமுகம்; சரிவு வெப்ப வளிமுகத்தைவிடச் செங்குத்தாக இருப்பதால் திரள்முகில், இடி, குறுகிய நேரப் பெருமழை. வெப்பக்காற்று முன்னே போகும் குளிர்காற்றின் முதுகில் மெல்ல ஏறினால் அது வெப்ப வளிமுகம். முதலில் உயரத்தில் கீற்று மேகம், பிறகு படர் மேகம், பிறகு நெடுநேரம் தூறல். இரண்டும் நகராமல் நின்றால் நிலை வளிமுகம். குளிர் வளிமுகம் வேகமாக வந்து வெப்ப வளிமுகத்தை எட்டிப் பிடித்தால் கலந்த வளிமுகம். படத்தில் ஊதா நிறம்.

இவை நம்மிடம் வராததற்குக் காரணங்கள் உண்டு. கூர்மையான எல்லை உருவாகும் அளவுக்கு வெப்ப வேறுபாடுள்ள இரண்டு காற்றுத்திரள்கள் இங்கே அருகருகே அமைவதில்லை. பூமியின் சுழற்சியால் காற்று வலப்பக்கம் விலகும் கொரியாலிஸ் விளைவும் நம் அகலாங்கில் 45 பாகையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மழையும் இமயமலைக்குப் பனியும் கொண்டுவரும் மேற்கத்தியக் கலக்கங்கள் வளிமுகக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவையும் விந்திய மலையைத் தாண்டி இங்கு வந்து சேர்வது அரிது. நம் புயல்களும் இந்தக் கணக்கில் சேரா. நடு அகலாங்குப் புயல் இரண்டு காற்றுத்திரள்களின் வெப்ப வேறுபாட்டைத் தின்று வளர்கிறது. வங்கக் கடலின் புயல் கடல்நீரின் வெப்பத்தைத் தின்று வளர்கிறது.

ஆனால் குளிர் வளிமுகத்தின் சிறிய நகல் ஒன்று கோடையில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் நம் தெருக்களைக் கடந்து போகிறது. அதுதான் கடற்காற்றின் முகப்பு. முற்பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுவதால், கடலின் மீதுள்ள குளிர்ந்த கனமான காற்று நிலத்தின் வெப்பக்காற்றுக்கு அடியில் ஆப்பு போல் நுழைகிறது. பாடநூலில் உள்ள குறுக்குவெட்டுப் படம் அப்படியே இதற்குப் பொருந்தும். உயரத்தை மட்டும் சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

இதைப் பார்க்க மிகச் சிறந்த காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அவற்றின் கொடிகளே நூற்றுக்கணக்கான காற்றுத்திசை காட்டிகள். மே மாதத்தில் தெளிவான ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, பத்தரை மணிக்கே போய் நிழல் பார்த்து உட்காருங்கள். கொடிகள் எல்லாம் கடலைப் பார்த்துப் பறக்கும், மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. பிறகு ஒரு கட்டத்தில் அவை துவண்டு கம்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அமைதி ஐந்து நிமிடமும் இருக்கலாம், அரைமணியும் நீடிக்கலாம். அன்றைய நாளிலேயே தாங்க முடியாத நேரம் அதுதான், வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் கூடக் கையை நிறுத்திவிட்டுத் துண்டால் முகம் துடைப்பார்கள். அடுத்து, அலைத்தடுப்புச் சுவருக்கு அப்பால் கடற்பரப்பில் சிற்றலைகளால் கருத்த ஒரு பட்டை தெரியும். அது கரையை நோக்கி நகர்ந்து வரும். கிழக்கு ஓரத்துப் படகின் கொடி முதலில் திரும்பும், அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசை முழுவதும் மேற்கு நோக்கித் திரும்பிவிடும். வெப்பமானி சில நிமிடங்களில் பல பாகை இறங்கும், பனிப்புள்ளி ஏறும். நீங்கள் ஒரு வளிமுகத்தின் ஊடே நின்றுவிட்டீர்கள்.

அப்போது வடக்கே திரும்பி, அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகளைப் பார்க்கத் தவறாதீர்கள். சில நாட்களில் கொடி மேற்கே பறக்க, உயரத்துப் புகை இன்னும் கிழக்கே போய்க்கொண்டிருக்கும். கடற்காற்று அந்த உயரத்தை எட்டவில்லை என்று பொருள். ஆப்பின் தடிமனைக் கருவியே இல்லாமல் அளக்கும் வழி இது.

சூன், சூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தால் இந்த முகப்பு மாலை வரை கடலிலேயே தடுக்கப்பட்டு நிற்கும், நகரம் கொதிக்கும். ‘கீழ்திசைக் காற்றும் மேல்திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி’ என்று வானிலை அறிவிப்பில் கேட்கிறோமே, அது இந்தக் கடற்காற்றைவிட மிகப் பெரிய அளவில் அமையும் சந்திப்பு. ஆனால் எதிரெதிர்க் காற்றுகள் மோதி மேலே எழும் விதம் ஒன்றுதான். கடற்காற்று முகப்பு பூந்தமல்லி, திருவள்ளூர் என்று உள்ளே நகர நகர, அதன் மேல் மேகங்கள் வரிசையாக எழும். துறைமுகக் கட்டடத்தின் உச்சியிலுள்ள டாப்ளர் ரேடாரின் படத்தில், மழையே இல்லாதபோதும் கரைக்கு இணையாக மெல்லிய கோடாக இது சில நாட்களில் தெரியும். அந்தக் கோடு உள்ளே போன பின்பு மேற்கே இடிமேகம் கட்டி, மேலடுக்கு மேல்காற்றில் மிதந்து, இரவு ஒன்பது பத்து மணிக்கு நம்மிடம் திரும்பி வந்தால் அன்றைக்கு மழை. மழைக்கு முன் தூசியோடும் மண்வாசனையோடும் குபீரென்று வரும் குளிர்ந்த காற்று இன்னொரு குட்டி வளிமுகம். இடிமேகத்திலிருந்து கீழே கொட்டிய குளிர்காற்று தரையில் பரவிவரும் விளிம்பு அது. கொடியில் காயும் துணியை எடுக்க உங்களுக்குக் கிடைக்கும் நேரமும் அந்த விளிம்புக்கும் மழைக்கும் உள்ள இடைவெளிதான்.

புயல் நாட்களுக்கு ஒரு சிறு கணக்கு. காற்று முதுகில் படும்படி நின்றால், தாழ்வழுத்தத்தின் மையம் உங்கள் இடப்பக்கம், சற்றே முன்புறமாக இருக்கும். டச்சுக்காரரான பைஸ் பாலோ 1857-இல் சொன்ன விதி. டிசம்பரில் வடகாற்று முதுகில் அறைந்தால் மையம் கிழக்கே கடலில் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, இடையே ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து திரும்ப அடித்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த விதியைத் தங்கள் சன்னல்களில் பார்த்தவர்கள். இடையில் வரும் ஓய்வில் வெளியே போவது ஆபத்து.

நீரோட்டம்: எந்த ஓட்டத்தைக் கேட்கிறீர்கள்?

‘இன்றைக்கு ஓட்டம் எப்படி?’ என்ற கேள்விக்கு நம் கரையில் குறைந்தது மூன்று விடைகள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதே தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய பிழை. நானும் பல மாதங்கள் செய்தேன்.

முதலாவது அலை உடையும் இடத்திலேயே கரையை ஒட்டி ஓடும் ஓட்டம். அலை சாய்வாக வந்து மோதுவதால் பிறப்பது. தென்கிழக்கிலிருந்து அலை வரும் மாதங்களில் வடக்கே ஓடும், வாடைக் காலத்தில் தெற்கே ஓடும். ஆண்டுக் கணக்கில் வடக்கே செல்லும் மணலே மிகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது அந்த மணல் தெற்கே தடைபட்டு மெரினா அகன்றது. மணல் வரவு நின்ற இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்க இன்று அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளின் கதை அதுதான். இரண்டாவது, ஓதத்தின், அதாவது கடல் நாள்தோறும் ஏறி வற்றுவதன், ஓட்டம். சென்னையில் ஓத ஏற்ற இறக்கம் பெருநாட்களிலும் ஒரு மீட்டரை ஒட்டியதே என்பதால் திறந்த கடலில் இது பெரிதாகத் தெரியாது. எண்ணூர் முகத்துவாரத்தில் மட்டும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவதுதான் உண்மையான கடல் நீரோட்டம்: கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம். அதன் வலுவான பகுதி கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தள்ளி, கண்டத்திட்டு முடிந்து கடல் ஆழமாகும் சரிவின் மீது ஓடுகிறது. அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டமும் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோர ஹம்போல்ட் நீரோட்டமும் ஆண்டு முழுவதும் ஒரே பக்கம் ஓடுபவை. பாடநூல் படத்தில் அவற்றுக்குச் சிவப்பு, நீல அம்பு போட்டால் போதும். நம்முடையது ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும். மார்ச், ஏப்ரலில் உச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடி, கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கிருஷ்ணாவும் கொட்டிய நன்னீர் கலந்து உப்புக் குறைந்த நீரை நம் கரை வழியாகக் கொண்டு செல்லும். தென்மேற்குப் பருவத்தில் அது ஒழுங்கற்று, தென்பகுதியில் ஒரு பக்கமும் வடபகுதியில் இன்னொரு பக்கமுமாக இருக்கும்.

இதில் வியப்பானது பிப்ரவரி மாதம்தான். வடகிழக்குக் காற்று இன்னும் முழுதாக ஓயாதபோதே நீர் வடக்கே கிளம்பிவிடுகிறது. உள்ளூர்க் காற்று மட்டும் அதைத் தள்ளவில்லை. வங்கக் கடல் முழுவதன் மீதும் வீசும் காற்றும், நிலநடுக்கோட்டில் கிளம்பிச் சுமத்திரா, மியான்மர், வங்காளம் என்று கடலின் விளிம்பைச் சுற்றி வரும் நெடிய அலைகளும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. மேலும், காற்று தள்ளும் மேற்பரப்பு நீர் காற்றின் திசையிலேயே போவதும் இல்லை. வடதுருவப் பயணத்தில் பனிப்பாளங்கள் காற்றுக்கு வலப்பக்கமாக விலகி மிதப்பதை நார்வே நாட்டு ஆய்வுப்பயணி நான்சென் கண்டார். அதற்கான கணக்கை சுவீடன் கடலியலாளர் எக்மன் 1905-இல் வெளியிட்டார். வட அரைக்கோளத்தில் மேலடுக்கு நீரின் மொத்தப் பெயர்ச்சி காற்றுக்குச் செங்கோணத்தில் வலப்பக்கம். தெற்கிலிருந்து கரையோரமாகக் காற்று வீசினால் நீர் கிழக்கே, கரையை விட்டு விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வரும்.

செய்து பார்க்க ஒரு சோதனை. தூண்டில் வளைவின் முனையருகே, கடல் அமைதியாக உள்ள நாளில், துணைக்கு ஆளை வைத்துக்கொண்டு, ஒரு நெற்றுத் தேங்காயையும் ஒரு தெர்மாகோல் துண்டையும் ஒன்றாகப் போடுங்கள். தேங்காய் பெரும்பகுதி முழுகி நீரோடு போகும். தெர்மாகோல் நீரின் மேல் நின்று காற்றோடு போகும். இரண்டும் பிரியும் கோணம்தான் பாடம். தேங்காய் 20 மீட்டர் கடக்க 40 விநாடி ஆனால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு நாட். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாறைகள் மீது ஏறவே கூடாது. பாசி வழுக்கும், பெரிய அலை முன்னறிவிப்பின்றி ஏறும்.

இந்தக் கோணம் எவ்வளவு முக்கியம் என்பதை 2017 ஜனவரி 28 காட்டியது. எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் தெற்கே நகர்ந்து, எர்ணாவூர்த் தூண்டில் வளைவுகளுக்கிடையே தேங்கிக் குழம்பாகத் தடித்தது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடு, காற்றின் வேகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கையும் கூட்டிக்கொண்டு நகரும். விநாடிக்கு 5 மீட்டர் காற்று என்றால், நீர் அசையாவிட்டாலும் ஒரு நாளில் 13 கிலோமீட்டர்.

கரையை விட்டுப் போகாமலே வெளிக்கடல் ஓட்டத்தை அறிய, கடலுக்குப் போய் வந்தவர்களிடம் வலை எந்தப் பக்கம் இழுத்தது என்று கேட்பதே நேர்வழி. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பில் நீரோட்ட வரைபடமும் கிடைக்கும். இரண்டும் முரண்பட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, வலை விரித்தது எத்தனை பாகம் (கடல் ஆழத்தை அளக்கும் அலகு) ஆழத்தில் என்பதே. மேற்பரப்பில் ஒரு திசையும் அடியில் வேறு திசையும் ஓடும் நாட்கள் உண்டு.

ஓர் ஆண்டுக்குக் குறிப்பேடு வைத்திருங்கள். காலை எட்டரை மணிக்கும் மாலை ஐந்தரை மணிக்கும், வானிலை நிலையங்கள் பதியும் நேரத்திலேயே, காற்றின் திசை, உலர்குமிழ், ஈரக்குமிழ், கடற்காற்று வந்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். அதோடு, காற்று ஓய்ந்திருக்கும்போது கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் படகின் அணியம் (முன்முனை) எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறியுங்கள். அது ஓட்டம் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். மாசியில் தெற்கே பார்த்து நின்ற அணியம் ஐப்பசியில் வடக்கே பார்த்து நிற்கும். எந்த வாரத்தில் திரும்பியது என்பது உங்கள் குறிப்பேட்டில் இருக்கும்.